செங்கோணம் என்று நம்பிய மூலை

என் சக்கரக் கதிரையின் முன்சில்லு விறாந்தை விளிம்பைத் தாண்டியபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டே விழுந்தவள் நெளுக்குளத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நல்ல காலை வெயில். புதுச் சீமெந்தின் மணம் இன்னும் போகவில்லை. விறாந்தையிலிருந்து வாசல் படலைப் பக்கமாக இறங்கும் சாய்தளம் என் முன்னால் வெள்ளையாகக் கிடந்தது. கீழே, படலைக்குப் பக்கத்தில், என் தம்பி ரூபன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிடிக்கக் கூடாது, கிட்டவும் வரக் கூடாது என்று நான்தான் உத்தரவு போட்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பவளமக்கா விளக்குமாற்றோடு வேலியோரம் நின்றார்.

"மெல்ல வா பிள்ளை."

"மெல்லத்தான் வாறன் அக்கா. நீங்கள் விளக்குமாற்றை மறையுங்கோ, சகுனம் சரியில்லை" என்று பகிடி விட்டேன்.

முதல் கொஞ்சத் தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு சில்லின் வளையம் என் உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடத் தொடங்கியது. இறுக்கிப் பிடித்தேன். தோல் எரிந்தது. விட்டேன். விட்டதும் கதிரைக்கு யார் சொல்லும் தேவைப்படவில்லை.

ரூபன் பாய்ந்தது தெரிந்தது. அவன் கை கதிரையின் பிடியில் பட்டு வழுக்கியதும் தெரிந்தது. பிறகு தகரப் படலையின் சத்தம். அந்தச் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். நான் பக்கவாட்டில் மண்ணில் கிடந்தேன். ஒரு சில்லு வானத்தைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது.

என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை 'ஐயோ' இல்லை. "கணக்குச் சரிதானே!" என்றேன்.

கதிரையைப் பற்றி

இந்தத் தொடரில் இத்தனை வாரமாகப் பள்ளிக்கூடம், பரீட்சை, முகாம், என் வகுப்புப் பிள்ளைகளின் குறும்பு என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். நான் இருக்கும் கதிரையைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. வாசகர்கள் உச்சுக் கொட்டுவார்கள் என்ற பயம். உச்சுக் கொட்டும் சத்தம் எனக்குப் பிடிக்காது.

இன்றைக்கு வேறு வழியில்லை. கடைசிச் சண்டையில் முதுகில் ஒரு ஷெல் துண்டு. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அம்மாவும் அப்பாவும் அதே நாட்களில் போனார்கள். செட்டிகுளம் முகாமுக்கு நானும் ரூபனும் மட்டும்தான் வந்து சேர்ந்தோம். அவனுக்கு அப்போது மீசைகூட அரும்பவில்லை. அந்த வயதில் என்னைத் தூக்கத் தொடங்கியவன்.

முகாமிலிருந்து நெளுக்குளத்துக்கு வந்து வீடு கட்டிய பிறகும் தூக்கிக்கொண்டேதான் இருந்தான். வீட்டுக்குள் எனக்கு ஒரு குறையுமில்லை. சமையல், குளிப்பு, படுக்கை எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன். வாசல்தான் பிரச்சினை. விறாந்தை நிலத்திலிருந்து இரண்டடி உயரம். ஓட்டோ முற்றத்துக்குள் வந்து விறாந்தையை ஒட்டி நிற்கும். ரூபன் என்னைத் தூக்கி ஓட்டோவில் இருத்துவான். நான் கணிதம் படிப்பிக்கும் டியூசன் இரண்டு ஒழுங்கை தள்ளி. அங்கே இறக்குவதற்கும் அவனே வருவான். மாலையில் திரும்பவும் அதே கூத்து.

மேசன் வேலைக்குப் போகிறவன். ஓமந்தைக்கு அப்பால் வேலை கிடைத்தால் வேண்டாமென்பான். அக்காவை யார் ஏற்றி இறக்குவது?

யாழினி

இதற்கிடையில் யாழினி வந்தாள். முள்ளியவளைப் பிள்ளை. வவுனியாவில் ஒரு வேலைக்குப் போன இடத்தில் ரூபன் கண்டு, இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், அவள் வீட்டிலும் சம்மதித்து விட்டார்கள். அவள் தகப்பனுக்கு வயல் இருக்கிறது, உழுது செய்யத் தெம்பில்லை. கலியாணம் முடிந்தால் ரூபன் அங்கேதான் போய் இருக்க வேண்டும். இதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை.

ரூபனின் பதிலும் ஒளிவு மறைவில்லாதது. "அக்கா தனிய வெளியில போய் வர ஒரு வழி வரட்டும். அதுக்குப் பிறகு பாப்பம்."

பாப்பம், பாப்பம் என்று அந்தப் பிள்ளையை எத்தனை மாரி காக்க வைப்பது? யாழினி ஒருநாள் தொலைபேசியில் என்னிடமே கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. "அக்கா, நான் இன்னும் இருக்கிறதோ, இல்லாட்டி வீட்டில பாக்கிற இடத்துக்கு ஓமெண்டு சொல்லுறதோ? நீங்கள் சொல்லுங்கோ."

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருத்தன் வாழ்க்கையின் வாசலில் நானே குறுக்காக இருக்கிறேன் என்று தெரிந்தால் யாருக்குத்தான் இறங்கும்? அடுத்த நாள் ரூபனைக் கூப்பிட்டுச் சாய்தளம் கட்டு என்றேன்.

ரூபன் வரைந்த படம்

வவுனியாவில் நான் போய்வரும் சிகிச்சை நிலையமொன்றில் ஒரு சாய்தளம் இருக்கிறது. உலகத்தில் நான் யாருடைய கையுமில்லாமல் ஏறி இறங்கிய ஒரே இடம் அதுதான். அங்கே முறை வருமுன்னர் சும்மா இரண்டு தடவை ஏறி இறங்குவேன். தாதிமார் சிரிப்பார்கள்.

ரூபன் அதை அளந்துகொண்டு வந்தான். உயரம் ஓரடி. நிலத்தில் நீளம் பன்னிரண்டடி. மேசையில் என் வெண்கட்டியாலேயே ஒரு முக்கோணி வரைந்தான். பக்கத்தில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. எங்கள் விறாந்தை இரண்டடி, ஆகவே நிலத்தில் இருபத்துநாலடி. இரண்டு பக்கமும் இரட்டிப்பு. இரண்டு படத்திலும் சுவரும் நிலமும் சேரும் மூலையில் அந்தச் சின்னச் சதுரத்தைப் போட்டான். செங்கோணம்.

"இயல்பொத்த முக்கோணிகள். சரியோ டீச்சர்?" என்றான்.

ஓஎல் பரீட்சையில் கணிதத்தில் கோட்டை விட்டவன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் ஒரு பெரிய சரி போட்டேன்.

முக்கோணியை மறந்துபோன வாசகர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். என் வகுப்பில் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவித்தான் இதைக் காட்டுவேன். இரண்டு ஈர்க்குகளை ஒரு முனையில் சேர்த்துப் பிடியுங்கள். பக்கத்தில் அவற்றைப் போல இரு மடங்கு நீளமான இரண்டு ஈர்க்குகளை அதே அளவு விரித்துப் பிடியுங்கள். முனைகளை இணைத்தால் வருகிற இரண்டு முக்கோணிகளும் ஒரே வடிவம். ஒன்று சிறிது, மற்றது பெரிது, அவ்வளவுதான். ஒன்றின் சரிவு எதுவோ அதுவே மற்றதன் சரிவும்.

ஆனால் பக்கங்கள் விகிதப்படி இருந்தால் மட்டும் போதாது. அவற்றுக்கு இடையிலுள்ள கோணமும் சமமாக இருக்க வேண்டும். ஈர்க்குகளைக் கொஞ்சம் கூட விரித்துவிட்டால் எல்லாம் போச்சு. இந்த இடைக்கோணத்தைப் பார்க்காமல் விடை எழுதும் பிள்ளைகளை நான் பேசுகிற பேச்சு வகுப்புக்கு வெளியில் நிற்கும் பெற்றோருக்கும் கேட்கும். "கோணத்தைப் பாத்தனியோ? கண்ணை என்ன வீட்டில கழட்டி வச்சிட்டு வந்தனியோ?"

பிள்ளைகள் இதை வாசிப்பார்கள் என்று தெரியும். வாசிக்கட்டும்.

அலவாங்கு

படலையடிக்கு வருகிறேன். எனக்குக் காலில் வலி தெரியாது. ஆகவே காயம் இருக்கிறதா என்று கண்ணால்தான் தேட வேண்டும். பவளமக்கா என் பாவாடையை ஒதுக்கி ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். முழங்கையில் சிராய்ப்பு, உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது, கதிரையின் கால் மிதிப்பு வளைந்திருந்தது. வேறு ஒன்றுமில்லை.

ரூபனைப் பார்த்தேன். ஒரு சொட்டு இரத்தமில்லாத முகம். ஷெல் விழுந்த நாட்களில்கூட நான் அவனை அப்படிக் கண்டதில்லை. என்னைத் தூக்கி விறாந்தையில் இருத்தினான். வீட்டின் பின்னால் போனான். திரும்பி வரும்போது கையில் அலவாங்கு, அந்த நீளக் கடப்பாரை.

"என்னடா செய்யப்போறாய்?"

"உடைக்கப்போறன்."

"ரூபன்!"

"கதைக்காதேங்கோ அக்கா. தலை அடிபட்டிருந்தால்? நான் முள்ளியவளையில இருக்கேக்க இது நடந்திருந்தால்? பின்னேரம் யாழினிக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போடுறன். அவள் வேற இடம் பாக்கட்டும். நான் ஒரு இடமும் போகேல்லை."

முதல் அடி சீமெந்தின் விளிம்பில் விழுந்தது. ஒரு துண்டு தெறித்து என் மடியில் வந்து விழுந்தது.

எனக்கு அப்போது வந்தது பயமில்லை, கவலையுமில்லை. அதிர்ச்சிதான். அப்பாவும் அம்மாவும் வீடும் ஊரும் கையை விட்டுப் போனபோது எனக்கென்று மிஞ்சியது கணிதம் ஒன்றுதான். இரண்டும் இரண்டும் முகாமுக்குள்ளும் நான்குதான். ஷெல் வந்தாலும் முக்கோணியின் கோணங்களின் கூட்டுத்தொகை மாறாது. அப்படி நம்பிய ஒன்று, பட்டப்பகலில், என்னைத் தூக்கித் தகரத்தில் அடித்துவிட்டது. இனி நான் எந்த முகத்தோடு கரும்பலகைக்கு முன்னால் போவது?

"பின்னேரம் வரைக்கும் பொறு" என்றேன். "பிறகு வீட்டையும் சேத்து உடை. இப்ப அதைக் கீழ வை."

என் குரலில் என்ன இருந்ததோ, வைத்தான்.

புத்தகத்தின் மூலை

சுவரடியில் என்னை இறக்கி விடச் சொன்னேன். சாய்தளத்துக்குப் பக்கத்தில், விறாந்தைச் சுவர் நிலத்தைத் தொடும் இடத்தில், மண்ணில் இருத்தினான். கையில் எனக்கு அகப்பட்டது பதினோராம் ஆண்டுக் கணிதப் புத்தகம். கெட்டி மட்டை போட்டது. அதன் மூலையைவிட நல்ல செங்கோணம் அந்த வீட்டில் வேறில்லை.

சாய்தளத்தின் நீளத்தை முதலில் சரிபார்க்கச் சொன்னேன். நாடாவைப் பிடித்தான். இருபத்துநாலடி. உயரம் இரண்டடி. இம்மியும் பிசகவில்லை.

அப்படியானால் மிச்சம் ஒன்றுதான். ரூபன் மேசையில் போட்ட அந்தச் சின்னச் சதுரம்.

புத்தகத்தை நிமிர்த்தி, ஒரு விளிம்பைச் சுவரோடு ஒட்டி, மூலையை அடியில் அழுத்தினேன். குனிந்து பார்த்தேன். சுவரோரம் புத்தகம் மண்ணைத் தொட்டது. மறு முனை தொடவில்லை. அந்தரத்தில் நின்றது. சுண்டுவிரலை உள்ளே விட்டேன். தாராளமாகப் போனது.

இன்னொரு இடத்தில் வைத்தேன். அங்கேயும் விரல் போனது. நான் புத்தகத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மட்டை வளைந்திருக்குமோ என்று.

"ரூபன், இது செங்கோணமில்லையடா" என்றேன். "நிலம் சரிஞ்சு போகுது."

பவளமக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "முற்றம் சரிவுதானே பிள்ளை. இல்லாட்டி மாரித் தண்ணி எங்கால ஓடுறது? நான் காலமையில கூட்டேக்க குப்பை தானாப் படலைக்குப் போகுது. உமக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது.

எழுதும்போது இப்போதும் கை நின்றுவிடுகிறது. அந்த வீட்டில் இத்தனை வருடம் இருக்கிறேன். காலையும் மாலையும் அந்த முற்றத்தைப் பார்க்கிறேன். அது கூட்டிப் பெருக்கிப் பாயைப் போலத் தட்டையாகத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. விறாந்தையிலிருந்து தம்பியின் கைக்கு, கையிலிருந்து ஓட்டோவுக்கு. என் சில்லு ஒருநாளாவது அந்த மண்ணில் உருண்டதில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். காலே விடாதவளுக்கு எந்த ஆழம் தெரியும்? என் சொந்த வீட்டு முற்றம் சரிவு என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. படலையில் விழுந்த அடியைவிட இந்த அடிதான் பலமாக விழுந்தது.

ரூபன் தலையில் கைவைத்துக்கொண்டு மண்ணில் குந்திவிட்டான்.

"நான்தான் அக்கா போட்டனான்" என்றான். "அந்த மாரி வெள்ளம் விறாந்தை விளிம்பு மட்டும் வந்ததெல்லோ. நீங்கள் கட்டில்ல இருந்தபடி தண்ணியைப் பாத்து நடுங்கினனீங்கள். அடுத்த கோடைக்கு நான்தானே கிரவல் மண் கொட்டிச் சரிவு வச்சனான், உங்கட அறைக்குத் தண்ணி வரக்கூடாதெண்டு. நடந்து நடந்து எனக்கே மறந்துபோச்சு."

வன்னியில் யாரைக் கேட்டாலும் முற்றத்துக்குச் சரிவு வைப்பார்கள். வைத்துவிட்டு அதைத் தட்டை என்றே சொல்வார்கள். காலால் நடக்கிறவர்களுக்கு அது தட்டைதான்.

சுவரோரம்

நூல் பிடித்துப் பார்த்தோம். விறாந்தையடியிலிருந்து இருபத்துநாலடி போவதற்குள் முற்றம் ஒன்றரை அடி இறங்கியிருந்தது. சாய்தளம் இரண்டடிதான் இறங்குகிறது என்று நினைத்தோம். அது மூன்றரை அடி இறங்கியிருக்கிறது. கதிரை பாயாமல் என்ன செய்யும்? பக்கங்களின் விகிதம் சரி, இடைக்கோணம் விரிந்துவிட்டது, ஆகவே இயல்பொத்தவை அல்ல. நான் வருடம் முழுக்கப் பிள்ளைகளைப் பேசுகிற அதே பிழை. கணிதம் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அதன் காதில் பொய் சொல்லியிருக்கிறோம்.

ரூபன் மட்டும் தேறவில்லை. "அப்ப இன்னும் நீளமாக் கட்ட வேணும். படலை இடிக்குது. இடமில்லை அக்கா. விடுங்கோ."

பின்னேர வெயில் விறாந்தையில் ஏறத் தொடங்கியிருந்தது. அவன் சட்டைப் பையில் தொலைபேசி கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகம் இன்னும் என் கையில். சும்மா அதைத் திருப்பிப் பிடித்து, படலைப் பக்கமாக இல்லாமல் சுவரோரமாகவே நீளும்படி விறாந்தையின் முனையில் வைத்தேன்.

பொருந்தியது. ஒரு தாள்கூட நுழையவில்லை.

தண்ணீர் வீட்டை விட்டு வெளியே ஓடத்தானே சரிவு? சுவரோரமாக ஓட வேண்டிய தேவையில்லையே. அந்தத் திசையில் நிலம் மட்டமாகத்தான் இருந்தது.

"இங்கால கட்டு" என்று கத்தினேன். "விறாந்தை முனையில தொடங்கிச் சுவரோரமா இருபத்துநாலடி. இங்க செங்கோணம் இருக்குதடா!"

"இறங்கின பிறகு? முற்றத்தில என்னெண்டு போவியள்? அது சரிவெல்லோ?"

"பதினாறடிக்கு ஓரடிதான் சரிவு. வவுனியாவில பன்னிரண்டடிக்கு ஓரடி. உன்ர முற்றம் அதைவிடச் சரிவு குறைவு."

அவன் வாயைத் திறந்தபடி முற்றத்தைப் பார்த்தான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். வெள்ளத்துக்குப் பயந்து அவன் கொட்டிய கிரவல், யாரும் கேட்காமலே, எனக்கொரு சாய்தளமாகக் கிடந்திருக்கிறது.

"அந்தப் பக்கம் செவ்வரத்தை நிக்குது" என்றார் பவளமக்கா. "நான் சாமிக்குப் பூ ஆயிறது அதிலதான்."

"சாமியிட்ட நான் கதைக்கிறன் அக்கா."

ரூபன் அன்று பின்னேரம் முள்ளியவளைக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. அன்றைக்கு அங்கே ஏதும் நடந்ததா என்று யாழினி பிறகு என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். ஏன் கேட்கிறாய் என்றதற்கு, "அண்டைக்கு முழுக்க மனசு ஒரு மாதிரி இருந்தது அக்கா" என்றாள்.

படலைக்கு அப்பால்

புதுச் சாய்தளம் காய்ந்து முடிந்த ஒரு காலை. இம்முறை நான் சிரிக்கவில்லை. ரூபன் கீழே நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தான்.

"கையை எடு."

"அக்கா..."

"எடு."

எடுத்தான்.

சில்லின் வளையம் என் பிடிக்குள் மெதுவாக, நான் விட்ட அளவுக்கு மட்டும், நகர்ந்தது. செவ்வரத்தை நின்ற இடத்தைத் தாண்டினேன். சீமெந்து முடிந்தது. சில்லு கிரவலில் ஏறியது. சரசரவென்ற சத்தம். என் வீட்டு முற்றத்தின் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். படலை திறந்திருந்தது. ஒழுங்கைக்கு வந்துவிட்டேன்.

ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் என்னைக் கண்டு பதறி நிறுத்தினார். "என்ன டீச்சர், தனிய? ஏத்தவோ?"

"வேண்டாம் தம்பி. நீங்கள் போங்கோ."

கதிரையைத் திருப்பினேன். பின்னால் யாருமில்லை. இத்தனை வருடத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சுச் சத்தமில்லாமல் நான் வெளியில் நின்றது அதுதான் முதல் தடவை. சந்தோசம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் பயம் போலவே இருந்தது.

ரூபன் நான் விட்ட இடத்திலேயே நின்றான். கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாதவனாக வேட்டியில் துடைத்தான், பிறகு முதுகுக்குப் பின்னால் கட்டினான்.

"அப்ப... நான் போகலாமோ அக்கா?"

விளையாடப் போகலாமா என்று சின்ன வயதில் படலையில் நின்று கேட்பானே, அதே குரல். இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனையும் செய்தேன். இப்படிக் கேட்க வேண்டிய நிலையில் இவனை இத்தனை காலம் வைத்திருந்தேனே என்பது அப்போதுதான் உறைத்தது. அதைவிட, இவன் போகத்தான் போகிறான் என்பதும்.

"போ" என்றேன். "நல்ல நாள் பாக்கச் சொல்லி இண்டைக்கே யாழினிக்குச் சொல்லு."

முகத்தை அவன் பார்க்கக் கூடாதென்று குனிந்துகொண்டு வீட்டுப் பக்கம் சில்லைத் தள்ளினேன். கதிரை அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளினேன். இறங்கும்போது சரிவாக இருந்த முற்றம் திரும்பும்போது ஏற்றம். அவன் செருப்பு என்னை நோக்கி ஓரடி வைத்த சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

நான் தோளை முன்னால் கொடுத்துத் தள்ளினேன். கதிரை ஏறத் தொடங்கியது.